முதல் வருடம் பாப்பி பூத்த இடத்தில் இரண்டாம் வருடம் ஏன் வெறும் புல்?

இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கம் புதிதாக வீடு வாங்கிய ஒருவர் கேட்டிருப்பது சுருக்கமாக இது. பின்பக்கத் தோட்டத்தில் 10 சதுர மீட்டர் புல்லைக் கொத்திப் புரட்டி, கடையில் வாங்கிய ‘வைல்ட்ஃபிளவர் மிக்ஸ்’ பாக்கெட்டை ஏப்ரலில் தூவியிருக்கிறார். ஜூலையில் சிவப்பு பாப்பி, நீலக் கார்ன்ஃபிளவர் என்று கண்கொள்ளாமல் பூத்திருக்கிறது. அடுத்த வருடம் இன்னும் நன்றாக வரட்டும் என்று இரண்டு மூட்டை தொழு உரம் போட்டு, விடாமல் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். வந்தது புல்லும், டாக், திஸில் என்ற களைகளும்தான். விதை மட்டமா, மண் கெட்டதா, மீதி 30 சதுர மீட்டர் புல்தரையையும் பூ நிலமாக்க வழி உண்டா, எத்தனை வருடம் ஆகும் என்பது கேள்வி. கொத்திய இடத்தில் தானாக முளைத்த ஒரு கீரையையும் கருப்புப் பழச் செடி ஒன்றையும் சமைக்கலாமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறார்; படங்களும் அனுப்பியிருக்கிறார். அதற்கு மட்டும் இப்போதே ஒரு வார்த்தை: இந்தப் பதிலைக் கடைசிவரை படிக்காமல் அந்தக் கருப்புப் பழத்தை வாயில் வைக்காதீர்கள்.

விதையும் மட்டமில்லை, மண்ணும் கெட்டதில்லை. உங்கள் கேள்விக்குள் இருக்கும் உண்மையான கேள்வி, காட்டுப்பூ ஏன் ஒரே வருடத்தில் ஓடிப்போயிற்று என்பது. ‘வைல்ட்ஃபிளவர்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு கூட்டங்களை விற்கிறார்கள். உங்கள் பாக்கெட்டில் இருந்தது முதல் கூட்டம்: கார்ன் பாப்பி, கார்ன்ஃபிளவர், கார்ன் மேரிகோல்ட், கார்ன் காக்கிள். பெயரிலேயே ‘கார்ன்’ இருக்கிறது பாருங்கள். இங்கே அதற்குத் தானியம் என்று பொருள். இவை கோதுமை, பார்லி வயலின் களைகள். ஒரு வருடத்தில் முளைத்து, பூத்து, விதைத்து, செத்துவிடும் செடிகள். ஏர் ஓட்டிய மண்ணில்தான் இவற்றின் வாழ்க்கை. பாப்பி விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு தூங்கும். மண்ணைப் புரட்டி வெளிச்சம் பட்டால் எழுந்துவிடும். முதல் உலகப்போரில் குண்டு விழுந்து கிளறிய நிலமெல்லாம் பாப்பியாகச் சிவந்தது இதனால்தான். கார்ன் காக்கிளுக்கு அந்தத் தூக்கம் கிடையாது. உதிர்ந்த வருடமே முளைக்க வேண்டும், இல்லையென்றால் முடிந்தது. விதைத் தானியத்தைச் சலித்துச் சுத்தம் செய்யும் முறை மேம்பட்டதும் அது இங்கிலாந்து வயல்களிலிருந்து கிட்டத்தட்ட மறைந்தே போனது.

உங்கள் இடத்திலும் முதல் வருடம் விதை உதிர்ந்திருக்கும். ஆனால் இரண்டாம் வருடம் நீங்கள் கொத்தவில்லை. புல் மூடிய தரையில் பாப்பிக்கு வேலையே இல்லை. அந்த 10 சதுர மீட்டரில் மீண்டும் அதே காட்சி வேண்டுமென்றால் செய்ய வேண்டியது எளிது: செப்டம்பரிலோ மார்ச்சிலோ மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் புரட்டி, புல்வேரைப் பொறுக்கி, வாரியால் நிரவி, சதுர மீட்டருக்கு 2 கிராம் வீதம் 20 கிராம் விதை தூவி, மண் போட்டு மூடாமல் காலால் மிதித்துவிடுங்கள். செப்டம்பரில் விதைத்தால் செடி பெரிதாக வரும், பூப்பும் முந்தும். ஒவ்வொரு வருடமும் இதைச் செய்தாக வேண்டும். அடுத்த முறை பாக்கெட் வாங்கும்போது பின்பக்கம் இருக்கும் லத்தீன் பெயர்களைப் படியுங்கள். காஸ்மோஸும் கலிஃபோர்னியா பாப்பியும் கலந்தவற்றையும் ‘வைல்ட்ஃபிளவர்’ என்றே விற்கிறார்கள். அவை அழகுதான், ஆனால் இந்த நாட்டுக் காட்டுச் செடிகள் இல்லை.

இரண்டாவது கூட்டம்தான் உங்கள் 30 சதுர மீட்டருக்கு உரியது. ஆக்ஸ்-ஐ டெய்சி, நாப்வீட், பேர்ட்ஸ்-ஃபுட் டிரெஃபாயில், செல்ஃப்-ஹீல், லேடீஸ் பெட்ஸ்ட்ரா, ஃபீல்ட் ஸ்கேபியஸ், கௌஸ்லிப். இவை பல்லாண்டுச் செடிகள். புல்லோடு புல்லாக வாழப் பழகியவை. முதல் வருடம் இலை மட்டும் விட்டு வேர் பிடிக்கும், இரண்டாம் மூன்றாம் வருடம்தான் பூக்கும். இவை வளரும் இடத்துக்குப் பெயர் மெடோ. யாரும் விதைத்து உண்டான இடமல்ல அது. மாட்டுக்குக் குளிர்காலத் தீவனம் வேண்டுமென்று உழவர்கள் வசந்தத்தில் நிலத்தை அடைத்து, ஜூலையில் புல்லை அறுத்துக் காயவைத்து எடுத்துப் போய், அதன்பின் மாட்டை மேயவிட்டார்கள். நூற்றுக்கணக்கான வருடம் இதையே செய்ததில் தானாக அமைந்த செடிக்கூட்டம். 1930-களுக்கும் 1984-க்கும் இடையே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய தாழ்நிலப் புல்வெளிகளில் 97 விழுக்காடு போய்விட்டது. போர்க்கால உழவு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் உரமும், ரை-கிராஸ் என்ற வேகமாக வளரும் புல்லும்.

உரம் என்றதும் உங்கள் இரண்டு மூட்டைக்கு வருகிறேன். செடி வாடினால் எரு போடு என்பது நம் கையில் ஊறிய பழக்கம். கத்தரிக்கும் மல்லிக்கும் அது சரி. மெடோவுக்கு அதுதான் விஷம். ஹார்ட்ஃபர்ட்ஷரில் ராதம்ஸ்டெட் ஆய்வுப்பண்ணையில் ஒரு பழைய வைக்கோல் நிலத்தை, அதாவது தீவனத்துக்குப் புல் அறுத்துக் காயவைக்கும் நிலத்தை, பாத்தி பாத்தியாகப் பிரித்து 1856-ல் ஒரு சோதனை தொடங்கினார்கள். ‘பார்க் கிராஸ்’ என்று பெயர், இன்றும் நடக்கிறது. எந்த உரமும் காணாத பாத்தியில் இன்றும் சுமார் 40 வகைச் செடிகள் இருக்கின்றன. தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, அமோனியம் சல்ஃபேட்டாக அள்ளிக் கொட்டி, சுண்ணாம்பும் போடாமல் விட்ட பாத்தியில் 2, 3 வகைப் புல்தான் மிச்சம். சத்து கிடைத்ததும் அதை மற்ற எதையும்விட வேகமாக உறிஞ்சி உயர்வது புல். உயர்ந்த புல் கீழே நிழல் போடும். அந்த நிழலில் கௌஸ்லிப் முளையோ டிரெஃபாயில் முளையோ ஒரு மாதம் தாங்காது. பூச்செடி சத்துக் குறைவை விரும்புகிறது என்று சொல்வது முழு உண்மையல்ல. சத்துக் குறைந்த இடத்தில்தான் புல் அதை வாழவிடுகிறது.

படத்தையும் நீங்கள் எழுதியதையும் வைத்து என்னால் எதுவரை சொல்ல முடியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டாக்கும் திஸிலும் செழித்திருப்பதால் மண்ணில் சத்து அதிகம் என்பது நிச்சயம். எவ்வளவு அதிகம் என்பதைப் படம் காட்டாது. தழைச்சத்து மழையில் கரைந்து போய்விடும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். பாஸ்பரஸ் என்ற மணிச்சத்துதான் பிடிவாதம். அது மண்துகளைப் பற்றிக்கொண்டு பத்தாண்டுக்கணக்கில் போகாது, அதிலும் உங்கள் ஊர்ப்பக்கக் களிமண்ணில். அதனால் விதைக்குச் செலவிடும் முன் ஒரு மண் பரிசோதனைக்குச் செலவிடுங்கள். ஐந்தாறு இடத்தில் 7, 8 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, ஒரு கைப்பிடி அனுப்பினால் போதும். ஆய்வுக்கூடம் ஓல்சன் முறையில் மணிச்சத்துக்கு ஒரு குறியீட்டெண் தரும். 0 அல்லது 1 வந்தால், அதாவது லிட்டருக்கு 15 மில்லிகிராம் வரை என்றால், தைரியமாக இறங்கலாம். 2 வந்தால் பொறுமை வேண்டும். 3-ஓ அதற்கு மேலோ வந்தால் மேலே தூவும் எந்த விதையும் வீண். மேல்மண்ணையே எடுக்க வேண்டும்.

இன்னொன்றும் படத்தில் தெரியவில்லை: உங்கள் புல் எந்தப் புல் என்பது. இதை நீங்களே பார்த்துவிடலாம். ஒரு தாளைக் கிள்ளித் திருப்புங்கள். அடிப்பக்கம் எண்ணெய் தடவியது போல் பளபளத்து, தண்டின் அடி செம்மையாக இருந்தால் அது ரை-கிராஸ்; முரட்டுப் புல். தாள் ஊசி போல மெலிந்து சுருண்டிருந்தால் ஃபெஸ்க்யூ, சாது. மண்ணுக்கடியில் நீண்ட வெள்ளை வேர்த்தண்டு கயிறுபோல் ஓடினால் கௌச். அது அதிகமாக இருக்கும் தரையில், நான் கீழே சொல்லும் முறை சரியாக வேலை செய்யாது.

அந்த முறையின் மையம் ஒரு சின்னச் செடி. யெல்லோ ராட்டில் என்பார்கள். தாவரவியல் பெயர் ரைனாந்தஸ் மைனர். காய்ந்த காய்க்குள் விதை கலகலக்கும், அதனால் அந்தப் பெயர். நம்மூர்க் கிலுகிலுப்பைச் செடிக்குப் பெயர் வந்த அதே காரணம், ஆனால் இரண்டும் உறவில்லை. இதன் உண்மையான உறவு உங்களுக்குத் தெரிந்ததாக இருக்கலாம்: சோளத்திலும் கரும்பிலும் வேரைப் பிடித்து உறிஞ்சும் சுடுமல்லி. இரண்டும் ஒரே குடும்பம், ஒரே தொழில். பச்சை இலை உண்டு, வெயிலில் தன் உணவைத் தானே செய்யும். தண்ணீரையும் உப்புச்சத்தையும் பக்கத்துச் செடியின் வேரில் உறிஞ்சுகுமிழை ஒட்டவைத்துத் திருடும். மாமரத்துப் புல்லுருவி கிளையில் செய்வதை இது மண்ணுக்கடியில் செய்கிறது. இதற்குப் பிடித்தவை புல்லும் பயறுவகையும். ஆக்ஸ்-ஐ டெய்சி, ரிப்வோர்ட் பிளாண்டெயின் போன்றவை குமிழ் ஒட்டிய இடத்தில் சுவர் எழுப்பித் தப்பித்துக்கொள்கின்றன. புல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. நன்றாகப் பிடித்த இடத்தில் புல்லின் விளைச்சல் பாதியாகக்கூடக் குறையும். தமிழ்நாட்டு உழவருக்குச் சுடுமல்லி சாபம், வைக்கோலுக்காக நிலம் வைத்திருந்த இங்கிலாந்து உழவருக்கும் ராட்டில் அப்படித்தான் இருந்தது. உங்களுக்கு அது கூலி வாங்காத ஆள்.

ஆனால் விதை விஷயத்தில் இது மிகவும் கண்டிப்பானது, பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். விதைக்குச் சில மாதக் குளிர், 5 டிகிரிக்குக் கீழ், கட்டாயம் வேண்டும். வசந்தத்தில் விதைத்தால் முளைக்காது. பழைய விதையும் உதவாது. ஒரு வருடம் தாண்டினால் உயிர் போய்விடும். எனவே ஆகஸ்டில், அந்த வருடம் அறுவடையான விதை என்று கேட்டு உறுதிசெய்து வாங்குங்கள். ‘இந்த வருட அறுவடை’ என்று எழுதித் தராதவரிடம் வாங்க வேண்டாம். சதுர மீட்டருக்கு 1 கிராம், உங்களுக்கு 30 கிராம். ஒரு கிராமில் ஏறத்தாழ 300 விதை இருக்கும்; தட்டையாக, ஓரத்தில் காகிதம் போன்ற சிறகோடு, மீன் செதில் மாதிரி.

தரையைத் தயார் செய்வதுதான் உடம்பு நோகும் வேலை. செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். மோவரை மிகத் தாழ்வாக வைத்து 2, 3 சென்டிமீட்டருக்குப் புல்லை ஒட்ட வெட்டி, வெட்டியதை அள்ளிவிடுங்கள். பிறகு கம்பிப் பல் வைத்த வாரியால் தரையைப் பிறாண்டுங்கள். லேசாக இல்லை, பாசியும் காய்ந்த சருகும் பெயர்ந்து, மேலே நின்று பார்த்தால் பாதிக்குப் பாதி மண் தெரிய வேண்டும். புல்தரை நாசமாகிவிட்டதே என்று வீட்டில் யாராவது சொன்னால் சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் மாட்டுக் குளம்பு செய்த வேலை இது. 30 கிராம் விதையை ஒரு வாளி உலர்ந்த மணலில் பிசிறி இரண்டு பங்காக்குங்கள். ஒரு பங்கைத் தெற்கு வடக்காகவும் மற்றதைக் கிழக்கு மேற்காகவும் தூவுங்கள். மணல் விழுந்த தடம் தெரிவதால் விட்ட இடம் கண்ணில் படும். மண்ணால் மூடாதீர்கள், காலால் மிதியுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். இங்கிலாந்துக் குளிர்காலம் அதைப் பார்த்துக்கொள்ளும்.

தவறு நடக்கும் இடங்களைத் தனியாகச் சொல்கிறேன். மண் தெரியாத அளவு புல்லின் மேல் தூவினால் விதை மண்ணைத் தொடாமல் அழுகும். ஏப்ரலில் ‘ஒரு தடவை வெட்டிவிடலாம்’ என்று மோவர் ஓட்டினால் முளை மொத்தமும் போய்விடும்; வெட்டுப்பட்ட நாற்று மறுபடி தழைத்துப் பூத்து விதைப்பது அரிது. ஜூனில், விதை முற்றும் முன் அறுத்தால் அடுத்த வருடம் ஒரு செடிகூட இருக்காது, ஏனென்றால் ராட்டில் ஒரு வருடச் செடி, மண்ணில் பழைய விதையின் இருப்பு என்று ஒன்றும் கிடையாது. புல் மிகக் கொழுத்திருந்தால், ஒட்டுவதற்கு வேர் இருந்தும் மேலே வெளிச்சமில்லாமல் நாற்று சாகும். மணிச்சத்து எண்ணை முதலில் பார்க்கச் சொன்னது இதற்குத்தான். ‘வீட் அண்ட் ஃபீட்’ என்று விற்கும் புல்தரை மருந்தை இனி வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அகன்ற இலை உள்ள எல்லாவற்றையும் கொன்றுவிட்டுப் புல்லுக்குச் சோறு போடும் மருந்து அது.

இனி அறுப்பு. மெடோவை உண்டாக்குவதில் விதை சிறு பங்கு, அறுப்பதும் அள்ளுவதும் பெரும் பங்கு. ஜூலைக் கடைசியில் ராட்டில் காய்கள் பழுப்பாகி, செடியை உலுக்கினால் கலகலவென்று கேட்கும். பழைய உழவர்களுக்கு அதுதான் வைக்கோல் அறுக்கும் நேரத்தைச் சொல்லும் மணி. இடுப்பளவுப் புல்லில் வீட்டு மோவர் திணறி நின்றுவிடும். நீள்பிடி அரிவாளோ ஸ்ட்ரிம்மரோ எடுத்து 5 முதல் 7 சென்டிமீட்டர் விட்டு அறுங்கள். ஒரு ஓரத்தில் தொடங்கி வேலியை நோக்கிப் போங்கள், நடுவிலிருக்கும் தவளைக்கும் முள்ளெலிக்கும் ஓட வழி இருக்கும். அறுத்ததை அப்படியே 3, 4 நாள் வெயிலில் விட்டு இரண்டு முறை புரட்டுங்கள். விதை உதிர்ந்து தரைக்குப் போகும். பிறகு ஒரு தாள் விடாமல் வாரி எடுங்கள். விட்டு வைத்த புல் மக்கினால் எடுக்க நினைத்த சத்து அங்கேயே திரும்பிவிடும். செப்டம்பரிலும் அக்டோபர் கடைசியிலும் மோவரால் வெட்டி, அப்போதும் அள்ளுங்கள். அள்ளிய எல்லாம் மக்கி உங்கள் காய்கறிப் பாத்திக்குப் போகட்டும், எரு ஆசையை அங்கே தீர்த்துக்கொள்ளலாம்.

ராட்டில் ஒரு வருடம் பிடித்துப் புல் மெலிந்த பிறகு, இரண்டாம் இலையுதிர்காலத்தில் மற்றப் பூக்களைக் கொண்டுவாருங்கள். புல் கலக்காத பூவிதை மட்டும் என்றால் சதுர மீட்டருக்கு 1 கிராம் போதும். ஆனால் சின்ன இடத்துக்கு நாற்றுதான் நிச்சயமான வழி. சதுர மீட்டருக்கு 5 வீதம், ஒரே வகையை மூன்று நான்காகச் சேர்த்து, அக்டோபரில் நடுங்கள். நடும் முன் கைப்பிடி அகலத்துக்குப் புல்லைச் சீவி எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நாற்றைப் புல் மூடிவிடும். உங்கள் களிமண்ணுக்கு நாப்வீட், ஆக்ஸ்-ஐ டெய்சி, கௌஸ்லிப், செல்ஃப்-ஹீல், மெடோ பட்டர்கப் நன்றாக வரும். ஆக்ஸ்-ஐ டெய்சி முதல் சில வருடம் மற்றதையெல்லாம் அமுக்கிக்கொண்டு வெள்ளையாக நிற்கும். அதைப் பிடுங்காதீர்கள், சத்து இறங்க இறங்க அதுவே அடங்கும். சாலையோரத்தில் நிற்கும் கௌஸ்லிப்பைத் தோண்டிக்கொண்டு வரலாமே என்று தோன்றும். கூடாது. நில உரிமையாளர் அனுமதியில்லாமல் எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவது 1981-ம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டப்படி குற்றம்.

மணிச்சத்து எண் 3-ஓ அதற்கு மேலோ வந்தால் வேறு வழி: புல்லையும் அதன் கீழ் மண்ணையும் 10 சென்டிமீட்டர் வரை பாளம் பாளமாகச் சீவி எடுத்து, தலைகீழாக அடுக்கி ஓரத்தில் மக்கவிட வேண்டும். 30 சதுர மீட்டருக்கு அது 3 கன மீட்டர் மண்; ஒரு ஆள் செய்ய முடியாது. 5 சதுர மீட்டரில் தொடங்குங்கள். வெறும் மண்ணை நிரவி, மூன்று வாரம் காத்திருந்து, முளைத்த களையைக் கொத்திச் சாய்த்து, இன்னொரு முறை அப்படியே செய்து, செப்டம்பரில் 80 பங்கு மென்புல், 20 பங்கு பூ என்று கலந்த விதையைச் சதுர மீட்டருக்கு 4 கிராம் தூவுங்கள். இதில் முதல் கோடையில் களை முந்திக்கொள்ளும். ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை 5 சென்டிமீட்டருக்கு வெட்டுங்கள். பயப்பட வேண்டாம், அடியில் பல்லாண்டுச் செடியின் இலைவட்டம் தரையோடு படுத்திருக்கும், கத்திக்கு எட்டாது. இந்தப் பாத்தியில் ராட்டிலை இரண்டாம் இலையுதிர்காலத்தில் சேர்த்தால் போதும்.

களைகளில் எல்லாவற்றோடும் சண்டை போட வேண்டாம். டாக்கை மழைக்கு மறுநாள், ஆணிவேரின் மேல் 15 சென்டிமீட்டராவது வரும்படி தோண்டி எடுங்கள். கிரீப்பிங் திஸிலை ஜூனில் பூக்கும் முன் ஒவ்வொரு வருடமும் பிடுங்கினால் மூன்று நான்கு வருடத்தில் களைத்துப்போகும். மஞ்சள் பூவோடு ராக்வர்ட் ஒன்றிரண்டு வந்தால், சின்னபார் அந்துப்பூச்சியின் மஞ்சள் கருப்புப் பட்டைப் புழுக்களுக்கு அது உணவு, விட்டுவைக்கலாம். ஆனால் குதிரைக்கும் மாட்டுக்கும் அது விஷம், காய்ந்த பிறகும் விஷம். பக்கத்தில் குதிரை மேயும் நிலம் இருந்தாலோ, அறுத்த புல்லை யாருக்காவது தீவனமாகக் கொடுப்பதென்றாலோ கையுறை போட்டு வேரோடு எடுத்துவிடுங்கள். ஈரமான மூலையில் இளஞ்சிவப்புப் பூவோடு ஆளுயரம் வளரும் ஹிமாலயன் பால்சம் வந்தால் தயங்காமல் பிடுங்குங்கள். அது நம் காசித்தும்பையின் உறவு, இமயத்திலிருந்து 1839-ல் இங்கே கொண்டுவந்தது; காய் தொட்டால் வெடித்து விதை பல அடி தூரம் தெறிக்கும். பூக்கும் முன் பிடுங்கினால் வேர் சுலபமாக வந்துவிடும்.

இப்போது சமையல் கேள்வி. முதல் படத்தில் இருப்பது, இலை வாத்துப்பாதம் போலவும் அடிப்பக்கம் மாவு தூவியது போலவும் தெரிவதால், இங்கே ஃபேட் ஹென் என்று சொல்லும் செடியாகத் தெரிகிறது. தமிழ்நாட்டுச் சக்கரவர்த்திக் கீரையும் அதே இனம்தான். எருப் போட்டுக் கொத்திய மண்ணில் முதலில் வருவது அது. இளந்தளிரை வேகவைத்துச் சாப்பிடலாம். ஆனால் படத்தை வைத்து ஒரு செடியைத் தின்னச் சொல்லும் உரிமையை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். இலையை விரலால் தடவி மாவு ஒட்டுகிறதா என்று பாருங்கள்; செடி தெரிந்த ஒருவரிடம் நேரில் காட்டுங்கள். எரு அதிகம் போட்ட மண்ணில் இந்தக் கீரை நைட்ரேட்டைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் என்பதால் நிறையவும் வேண்டாம்.

கருப்புப் பழம் வேறு விஷயம். மணத்தக்காளி என்று நினைத்திருக்கிறீர்கள். இங்கே பிளாக் நைட்ஷேட் என்ற செடி உண்டு, மணத்தக்காளிக் கூட்டம்தான்: சின்ன வெள்ளை நட்சத்திரப் பூ, பட்டாணியளவோ அதைவிடச் சின்னதாகவோ பழம், ஒரே காம்பில் கொத்தாகத் தொங்கும். ஆனால் டெட்லி நைட்ஷேட் என்று இன்னொன்று இருக்கிறது, தாவரவியல் பெயர் அட்ரோபா பெலடோனா. அதன் பழம் கொத்தாக வராது, ஒற்றை ஒற்றையாக நிற்கும். செர்ரி அளவு, மெருகு போட்ட கருப்பு, அடியில் ஐந்து பச்சை இதழ் நட்சத்திரம் போல விரிந்திருக்கும். பூ மங்கிய ஊதா மணி. பழம் இனிக்கும் என்பதுதான் பயங்கரம். ஒரு குழந்தையைக் கொல்ல ஒரு சில பழம் போதும். உங்கள் படத்தில் பழம் மட்டும் தெரிகிறது, காம்பும் பூவும் மங்கலாக இருக்கின்றன. எந்தப் பக்கமும் நான் சத்தியம் செய்ய முடியாது. மணத்தக்காளியே என்றாலும் காய் பச்சையாக இருக்கும்போது அதில் சோலனின் உண்டு. கடையில் மணத்தக்காளி வத்தல் கிடைக்கிற ஊரில் இந்தச் செடியைச் சோதித்துப் பார்க்க அவசியமே இல்லை. குழந்தைகள் இருக்கும் வீடென்றால் இன்றே கையுறை போட்டுப் பிடுங்கிவிடுங்கள்.

எத்தனை வருடத்தில் மெடோ ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். மண் எண்ணைப் பார்க்காமல் யார் சொன்னாலும் அது ஊகம். எண் 1-க்குள் இருந்து ராட்டில் பிடித்தால் மூன்றாம் ஜூனில் டெய்சியும் நாப்வீட்டும் காட்டத் தொடங்கும். கௌஸ்லிப் தன் பாட்டில் மெதுவாக வரும். நல்ல மெடோ எப்படி இருக்கும் என்று கண்ணில் பதிய வைக்க, ஜூனில் ஒரு நாள் யார்க்‌ஷரில் ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கில் உள்ள முக்கர் கிராமத்துக்குப் போய்வாருங்கள். வைக்கோல் நிலத்தின் நடுவே கல்பாவிய பாதை போகும், ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க வேண்டும். அங்கே புல் எவ்வளவு மெலிவாக, உள்ளே வெளிச்சம் புகும்படி நிற்கிறது என்று குனிந்து பாருங்கள். உங்கள் தரை அந்த மெலிவுக்கு வர வேண்டும்.

இந்த இலையுதிர்காலத்தில் விதைத்துவிட்டால் அடுத்து ஒரே ஒரு வேலைதான். மார்ச் கடைசியில், பனி விலகிய காலையில், முழங்காலிட்டுப் புல்லை விரலால் விலக்கிப் பாருங்கள். வட்டமான இரண்டு வித்திலைக்கு மேல், ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத, சுருக்கம் விழுந்த கரும்பச்சை இலை எதிரெதிராக இரண்டு இருக்கும். அதன் விளிம்பு அரம் போல வரிசையாகப் பல் பல்லாக இருந்தால் அதுதான் ராட்டில். சதுர மீட்டருக்கு 20, 30 கண்ணில் பட்டால் நன்றாகப் பிடித்திருக்கிறது. நான்கைந்துதான் என்றாலும் கவலை இல்லை. அவை விதைக்கும் வரை விட்டால் அடுத்த வருடம் பெருகிவிடும். ஒன்றுகூட இல்லையென்றால் ஏப்ரல் நடுவில் இன்னொரு முறை பாருங்கள், குளிர் நீண்ட வருடத்தில் முளைப்பு தள்ளிப்போகும். ஒன்றாவது கண்ணில் பட்ட அன்றே மோவரை ஷெட்டில் வைத்துப் பூட்டிவிட்டு, ஜூலைக் கடைசி வரை சாவியை எடுக்காதீர்கள்.